மிச்சத்தில் எல்லாரும் அண்ணைதான்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வார்டு வாசலில் வைத்து ஒரு தாதி என்னிடம் மிகச் சாதாரணமான ஒரு கேள்வியைக் கேட்டாள். அவள் கையில் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் ஒரு கணினி இருந்தது. உள்ளே ஏழாம் இலக்கக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவர் தேவராசா. தன் அறையில் விழுந்து கிடந்தவரை வீட்டுக்காரர் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரே தொலைபேசி எண் என்னுடையது என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று தாதி கேட்டாள்.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன். அறுபது வயது தாண்டிய மனிதர்கள் இந்தக் கேள்விக்குப் பேந்தப் பேந்த விழிப்பதை அவள் முன்பும் கண்டிருக்க வேண்டும். "கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், பிறகு எழுதலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு சவர்க்காரப் போத்தல் இருந்தது. அமுக்கினேன். லவெண்டர் மணம். நீங்கள் அந்த மணத்தைப் பூந்தோட்டத்தோடு சேர்த்து நினைப்பீர்கள். எனக்கு அது அடுக்கிவைத்த கதிரைகளும் ஈரக் கோட்டுகளும் உளுந்து வடையும் கலந்த ஒரு மண்டபத்தின் மணம். அந்த மண்டபம் மிச்சத்தில் இருந்தது.

மிச்சம் என்பது ஊர்ப்பெயர். தெற்கு லண்டனில் இருக்கிறது. வெள்ளைக்காரர் அதை எப்படி உச்சரித்தாலும் எங்கள் வாயில் அது மிச்சம்தான். எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்தபோது, அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் 'நான் மிச்சத்தில் சுகமாக இருக்கிறேன்' என்று எழுதிவிட்டேன். அம்மாவின் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. "நீ மிச்சத்திலை இருக்கிறாய் எண்டால் மற்ற ஆக்கள் எல்லாம் எங்கை போயிட்டினம்?" என்று கேட்டிருந்தார். அதை மண்டபத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தோம். சில வருடங்களில் அந்தக் கேள்விக்கு யாருக்கும் சிரிப்பு வராமல் போனது.

மண்டபம் ஒரு தேவாலயத்தின் பின்பக்கம் இருந்தது. சிவப்புச் செங்கல், தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சனிக்கிழமைகளில் பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை அதை எங்களுக்குத் தந்திருந்தார்கள். ஃபிராங் என்ற ஒரு வயோதிபர் அதைப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் முழங்காலில் நின்று, மரத்தரைக்கு லவெண்டர் மெழுகு தேய்ப்பார். அந்த வட்டாரம் முழுவதும் ஒருகாலத்தில் லவெண்டர் வயல்களாக இருந்ததாம். அவருடைய தாயார் சின்ன வயதில் பூ வெட்டப் போனவராம். வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன, தொழிற்சாலைகளும் போய்க்கொண்டிருக்கின்றன, கடைசியில் இந்த மெழுகு மட்டும் இருக்கிறது என்பார். அந்த மெழுகும் வேறு எங்கேயோ செய்ததென்று தகரத்தின் அடியில் எழுதியிருந்தது. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.

போய்க்கொண்டிருந்த அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் எனக்கு வேலை. பெயின்ட் செய்யும் இடம். தகரங்களுக்கு மூடி அடிக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் நிறம் நகத்தைவிட்டுப் போகாது. அந்த வாரம் என்ன நிறம் ஓடுகிறது என்பதை என் பெருவிரலைப் பார்த்தே மண்டபத்தில் சொல்லிவிடுவார்கள். ஊரில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, மூன்று மாதம் போயும் வந்தவன் நான். அந்த மூன்று மாதத்தை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை மண்டபத்தில் ஒரு மூலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. மலர் அக்கா நடத்துவார். அதே மலர் அக்காதான் குசினியில் வடையும் சுடுவார். ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டு நடுவில் ஓடிப்போய் எண்ணெயைப் பார்த்துவிட்டு வருவார். இன்னொரு மூலையில் பெரியவர்கள் ஊர்ப்புதினம் கதைப்பார்கள். யாருக்கு விசா வந்தது, யாருடைய வீடு குண்டில் போனது, எந்தக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, மூன்றையும் ஒரே மூச்சில் கதைப்பார்கள். கிங்ஸ்பரியிலிருந்தும் செவன் கிங்ஸிலிருந்தும்கூட இரண்டு ரயில் மாறி வருகிறவர்கள் இருந்தார்கள். அந்த மண்டபத்துக்குள் காலடி வைத்தவர் யாராக இருந்தாலும் வயதைப் பார்த்து அண்ணை, அக்கா, மாமா, மாமி ஆகிவிடுவார். ஃபிராங்கையே பிள்ளைகள் 'ஃபிராங் மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதைத் தன் குடும்பப்பெயரோ என்று குழம்பி, பிறகு பழகிவிட்டார்.

தேவராசா எங்களுக்குத் தேவண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாண் பேக்கரி ஒன்றில் வேலை. கூட்டம் முடிந்ததும் கதிரைகளை மடித்து அடுக்குவது அவர் வேலை. யாரும் அவரிடம் அதைக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். அவருடைய கோட்டைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அதே மண்டபத்தில் தேவாலயத்துப் பெண்கள் பழைய துணி விற்பார்கள். எங்கள் எல்லாருடைய குளிருடுப்பும் அங்கே வாங்கியதுதான். ஒருநாள் தேவண்ணை கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்க, ஒரு ஆங்கிலேயக் கிழவி வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது என் கணவருடைய கோட்டு" என்றார். தேவண்ணை கழற்றிக் கொடுக்கப் போனார். கிழவி கையைத் தட்டிவிட்டு, இந்தக் கோட்டுக்கு மேல் பொத்தானையும் பூட்ட வேண்டும், அவரும் இப்படித்தான் திறந்து விட்டுக்கொண்டு சளி பிடித்துச் செத்தார் என்று தானே பூட்டிவிட்டார். அதன் பிறகு தேவண்ணை கோடையிலும் மேல் பொத்தானைப் பூட்டியே இருந்தார்.

எனக்கும் மண்டபத்தில் ஒரு பதவி இருந்தது. தேத்தண்ணீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதிலிருந்து ஆக்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கவுன்சில் வீடு, பெனிபிட் காசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அகதி விண்ணப்பம், எதுவானாலும். படிவத்தை நாங்கள் 'போம்' என்போம். அதனால் நான் 'போம் மாஸ்டர்'. கிண்டலாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். நான் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டேன். மூன்று மாதப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரயோசனம் கிடைத்ததென்று நினைத்தேன். பெட்டிகளுக்குள் எழுத்துகளை ஒவ்வொன்றாக இறக்குவதில் எனக்கு உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, தேவண்ணை ஒருவரைக் கையில் பிடித்து என் மேசைக்குக் கூட்டிவந்தார். கையில் பிடித்து என்றால் உண்மையாகவே பிடித்துத்தான். வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தேவண்ணையின் சப்பாத்தைப் போட்டிருந்தார். அது அவருக்கு ஒரு அளவு பெரிது. நடக்கும்போது தரையில் அடித்தது. தேவண்ணை ஐந்து வருடமாகக் காத்திருந்த தம்பி அவர்தான், யோகன். தேவண்ணை அதுவரை கலியாணமும் செய்யவில்லை. கேட்டால், "முதலிலை தம்பி வந்து சேரட்டும்" என்பார்.

யோகனின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஊரில் ஆமிக்காரர் தேவண்ணையைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர் அதற்குமுன் நாட்டைவிட்டுப் போய்விட்டதால், 'அவன்ரை தம்பிதானே' என்று யோகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு மாதம் வைத்திருந்தார்கள். முதுகில் அதன் அடையாளம் இருந்தது. அதை எழுதி இங்கே இருக்க அனுமதி கேட்பதுதான் அந்தப் போம். அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

முழுப்பெயர் கேட்டேன். சின்னத்துரை யோகநாதன் என்றார். இங்கிலாந்தில் யாரைத் தெரியும் என்ற பெட்டி வந்தது. அதற்குப் பக்கத்தில் உறவுமுறைக்கு ஒரு சின்னப் பெட்டி.

"அண்ணை, இவர் உங்களுக்குச் சொந்தத் தம்பியோ?" என்றேன்.

"பேந்தென்ன, வாடகைக்கு எடுத்த தம்பியோ?" என்றார் தேவண்ணை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யோகனும் முதல்தடவையாகச் சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டு பேனையைத் தூக்கினேன். அப்போதுதான் பெயர் கண்ணில் பட்டது. சின்னத்துரை. தேவண்ணையின் தகப்பன் பெயர் கந்தையா. அவருடைய கடிதங்கள் எல்லாவற்றிலும் கந்தையா தேவராசா என்றுதான் வரும். நான்தானே வாசித்துச் சொல்கிறவன்.

"உங்கடை அப்பான்ரை பேர் கந்தையா எல்லோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டேன்.

தேவண்ணையின் முகம் சுருங்கிவிட்டது. "மாஸ்டர், இவன் என்ரை தம்பி. எங்கடை அம்மான்ரை கையாலை சாப்பிட்டு வளந்தவன். நீர் எழுதும்."

வடைத் தட்டோடு வந்த மலர் அக்கா, "இதென்ன கேள்வி, பாவம் அந்தப் பிள்ளையை வைச்சுக்கொண்டு? எழுதும், வடை ஆறுது" என்றார்.

யோகன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தேவண்ணையின் தாயும் யோகனின் தாயும் அக்கா தங்கை. யோகனின் தாய் அவர் குழந்தையாக இருக்கும்போதே செத்துப்போனார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர் அவர். எங்கள் வழக்கத்தில் பெரியம்மாவின் மகன் அண்ணன்தான், வேறு சொல்லே இல்லை. இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று கேட்பது மரியாதை கெட்ட வேலை. ஊரில் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். அதனால் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் 'பிரதர்' என்று எழுதினேன். என் பெருவிரலிலிருந்த பச்சைப் பெயின்ட் அந்தப் பெட்டியின் ஓரத்தில் லேசாக ஒட்டிக்கொண்டது.

உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. எழுதும்போது எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, 'கசின்' என்று எழுத வேண்டும் என்று தெரியும். தேவண்ணையின் முகத்தைப் பார்க்கப் பயந்து எழுதினேன். வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு, அண்ணன் என்றால் கேஸ் இன்னும் பலமாகத்தானே இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். பிறகு சூடாக இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து யோகனைக் கேள்வி கேட்கக் குடிவரவுக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். நானும் தேவண்ணையும் வெளியே மர வாங்கில் இருந்தோம். தேவண்ணை கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணிநேரம் கழித்து உள்ளேயிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தார். சென்னைக்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட நல்ல மனிதர். சிகரெட் பற்றவைக்க வாசலுக்குப் போனவர் என்னைச் சைகையால் கூப்பிட்டார்.

"அந்த ஃபார்ம் நிரப்பினது நீங்களா சார்? அப்பா பேர் கேட்டாங்க, சின்னத்துரைன்னாரு. அண்ணனோட அப்பா பேர் கேட்டாங்க, கந்தையான்னாரு. எங்க ஊர்லயும் பெரியம்மா பையன் அண்ணன்தான் சார், எனக்குப் புரியுது. ஆனா நான் அங்க சொன்னதை மொழி மாத்திச் சொல்றதுக்கு மட்டும்தான் உக்காந்திருக்கேன், விளக்கம் சொல்ல முடியாது. கசின்னு ஒரு வார்த்தை போட்டிருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல."

இதோடு இன்னொன்றும் இருந்தது. வருடங்களுக்கு முன் தேவண்ணையிடம் இதே மாதிரி ஒரு மேசையில் வைத்து, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். கூடப் பிறந்தவர் என்றால் ஒருவரும் இல்லைத்தானே. இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, இல்லாத தம்பி ஒருவன் வந்து நின்றான்.

மறுப்புக் கடிதத்தை மண்டபத்தில் வைத்து நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன். விண்ணப்பதாரர் தனக்கு இங்கே அண்ணன் இருப்பதாகச் சொல்கிறார், அப்படி ஒரு அண்ணன் இல்லை, இதில் பொய் சொன்னவர் மற்றவற்றிலும் பொய் சொல்லியிருப்பார், ஆகவே அவர் பிடிபட்டதையும் அடிபட்டதையும் நம்பத் தேவையில்லை. சாரம் அவ்வளவுதான். பிடித்தவனுக்கு யோகன் தம்பி. காப்பாற்ற வேண்டியவனுக்குத் தம்பி இல்லை. வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். கொதிகலன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூன்று இரவு இருந்து மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். பெரியம்மா என்றால் யார், சின்னம்மா என்றால் யார், அம்மாவின் அக்காவும் அம்மாதான் என்று எங்கள் சொல்லே எப்படிச் சொல்கிறது என்றெல்லாம் விளக்கி, கோடு போட்டு ஒரு படமும் கீறினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. படிவத்தின் பிரதியையும் இணைத்தேன். பிரதியில் பச்சைப் பெருவிரல் கறுப்பாக விழுந்திருந்தது. அப்பீலுக்குப் போனோம். விளக்கத்தை மறுப்பு வந்தபிறகு யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

யோகன் மிச்சத்தில் இருந்தது மொத்தம் ஒன்றரை வருடம். அந்தக் காலத்தில் மலர் அக்காவின் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். விம்பிள்டனிலிருந்து மேற்குக் குறொய்டனுக்கு இரண்டு பெட்டியோடு ஒரு சின்ன ரயில் அப்போது ஓடியது. அதில் ஏறி முனைக்கு முனை போய் வருவது அவருக்குப் பிடிக்கும். எங்கே போகிறீர் என்று கேட்டால், "சும்மா, ஜன்னலாலை பாக்க" என்பார். வாரத்துக்கு ஒருமுறை குடிவரவுக் கந்தோரில் கையெழுத்து வைக்கப் போகவேண்டும். ஒரு திங்கட்கிழமை வழமைபோலப் போனவர் திரும்பி வரவில்லை. உள்ளே வைத்துவிட்டார்கள்.

விமானம் ஏற்றுவதற்கு இரண்டு நாளுக்கு முன் தேவண்ணையும் நானும் போய்ப் பார்த்தோம். கொண்டுபோன பையை அங்கே சோதித்தார்கள். மடித்த இரண்டு சேட்டு, ஒரு பிஸ்கட் பெட்டி, அடியில் அந்தக் கம்பளிக் கோட்டு. கொழும்பு வெயிலுக்கு இது எதற்கு அண்ணை என்று யோகன் கேட்டார். "கிடக்கட்டும். விடிய எழும்பினால் குளிரும்" என்றார் தேவண்ணை. வேறு கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. யோகன் என்னைப் பார்த்து, "மாஸ்டர், யோசியாதேங்கோ" என்றார். அந்தச் சொல்லை இந்த முப்பது வருடத்தில் நான் யோசிக்காத நாள் குறைவு.

கொழும்பிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. ஒரு லொட்ஜில் ஐந்து பேரோடு அறையில் இருந்தார். முதல் கடிதத்தில், லொட்ஜ்காரன் அந்தக் கம்பளிக் கோட்டை விலைக்குக் கேட்கிறான், கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் அந்தச் சின்ன ரயில் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தார். பிறகு கடிதம் இல்லை. பல மாதம் கழித்து, அந்த லொட்ஜில் இருந்த ஒருவர் ஜெர்மனியிலிருந்து ஆளனுப்பிச் சொன்னார். ஒருநாள் காலை ஆமிக்காரர் சுற்றிவளைத்து, அறையில் இருந்த எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யோகன் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாராம்.

காணாமற்போனவர்களைத் தேடும் ஒரு சங்கத்துக்கு எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் ஒரு போம். தேவண்ணை அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நிரப்பினேன். காணாமற்போனவருக்கு நீங்கள் என்ன முறை என்ற பெட்டி வந்ததும், இந்தமுறை கவனமாக 'கசின்' என்று எழுதினேன்.

"என்ன எழுதினீர்?" என்றார் தேவண்ணை.

சொன்னேன். அதன் பொருளையும் சொன்னேன்.

"அதை வெட்டிப்போட்டுத் தம்பி எண்டு எழுதும்."

"அண்ணை, திரும்பவும் பிழையாய்ப் போகும். இப்பிடித்தான் எழுத வேணும்."

அவர் பேனையை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டார். போட்டுவிட்டு, கோபமே இல்லாமல், "நீர் முதல் எழுதினது பிழையில்லை மாஸ்டர். இதுதான் பிழை" என்றார். பிறகு எழும்பிப் போய்க் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார். என்னை அவர் திட்டியிருந்தால் நான் எப்படியோ தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் போம் நிரப்பவில்லை. கண் சரியில்லை என்று சாட்டுச் சொன்னேன். மேசையைக் குசினிக்குள் எடுத்துப்போய் வெங்காயம் வெட்டப் பாவித்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து பதில் வந்தது, தேடுகிறோம் என்று. அதுதான் கடைசி.

மண்டபமும் அதிகநாள் நிற்கவில்லை. எங்கள் கூட்டம் யார் தலைவர் என்று சண்டைபிடித்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கூட்டத்திலும் பெயர்ப்பலகையைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்கள் வீடு வாங்கிக்கொண்டு திசைக்கொருவராகப் போனார்கள். ஃபிராங் செத்த பிறகு தரைக்கு மெழுகு போட ஆளில்லை. அந்தச் சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தில் டிராம் விட்டார்கள். பெயின்ட் தொழிற்சாலையை இடித்தார்கள். மண்டபத்தையும் இடித்து மாடி வீடுகள் கட்டி, வாசலில் லவெண்டர் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒரு செடிகூட நடவில்லை. மலர் அக்கா மகளோடு இருக்கக் கனடா போய், அங்கேயே காலமானார். என் மகளுக்கு என் அண்ணனின் மகன் 'கசின்'. எப்போதும் அப்படித்தான் சொல்கிறாள், ஒருநாளும் வாய் தவறி அண்ணா என்று வருவதில்லை. எந்தப் படிவத்திலும் அவளுக்குப் பிழை வராது. அதை நினைத்து நிம்மதிப்பட வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது.

தேவண்ணை மட்டும் மிச்சத்தைவிட்டுப் போகவில்லை. அதே தெருவில் அறை மாறி அறை மாறி இருந்தார். தம்பி வந்தால் விலாசம் தெரியவேண்டும் என்று ஒருமுறை சொன்னார். நான் மாதமொருமுறை போய்ப் பார்ப்பேன். இருவரும் தேத்தண்ணீர் குடிப்போம். அந்தப் போம்களைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். தாதி காத்துக்கொண்டிருந்தாள்.

"நண்பர்" என்றேன். அவள் திரையைத் தட்டினாள்.

"சொந்தக்காரர் யாராவது? சகோதரர்கள்?"

"ஒருவர்" என்றேன். "தம்பி."

'பிரதர்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தட்டினாள். தகப்பன் பெயரைக் கேட்கவில்லை. ஒரே வயிறா என்று கேட்கவில்லை. அந்தச் சொல் பெட்டிக்குள் போய் அமைதியாக இருந்துகொண்டது. பெயர் கேட்டாள், யோகநாதன் என்றேன். தொலைபேசி எண் கேட்டாள். இல்லை என்றேன். எண் இல்லாமல் இந்தப் பெட்டியைத் தாண்ட முடியாது, இப்போதைக்கு உங்கள் எண்ணைப் போடுகிறேன் என்றாள். என் எண்ணைச் சொன்னேன். பெட்டியை வெறுமையாக விடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா.

வெள்ளிக்கிழமை காலை தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. வேறொரு பெண்குரல். "மிஸ்டர் யோகநாதனா? மிஸ்டர் தேவராசாவின் சகோதரர்தானே?"

அடுப்பை நிறுத்தினேன். "ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் என்றால் மலர் அக்காவுக்கு ஒரு ஃபோன் எடுத்தால் போதும். மத்தியானத்துக்குள் மண்டபத்தில் ஈரக் கோட்டுகளோடு ஐம்பது பேர் நிற்பார்கள். யாராவது கதிரைகளை விரிப்பார்கள். நான் தொலைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தேன். தேவராசா என்ற பெயரைக் கேட்டால் 'ஐயோ அண்ணை' என்று சொல்ல, அதில் ஒருவரும் மிச்சமில்லை.